சந்தா கட்டாதவருக்கும் சேர்த்து: கோ. நடேசய்யரின் வாழ்வு எழுப்பும் கேள்வி

2021 மார்ச்சில் தேயிலை, இறப்பர் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் சம்பள நிர்ணய சபையின் ஊடாக 1,000 ரூபாவாக்கப்பட்டது. அதற்கு முன்னர் பல ஆண்டுகளாக மலையகத்தில் வேலைநிறுத்தங்களும் வீதி மறியல்களும் நடந்தன. அவற்றில் பங்குபற்றியவர்கள் உண்டு. பெரட்டுக்கு வழமைபோலப் போய்க் கொழுந்து பறித்தவர்களும் உண்டு. ஆனால் சம்பள நாளன்று செக்ரோலில் எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான். சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா கட்டியவருக்கும், எந்தச் சங்கத்திலும் இல்லாதவருக்கும் அதே ரூபா.

இது நியாயமா என்ற கேள்வி தோட்டங்களில் புதிதல்ல. வேலைநிறுத்தம் செய்தவர் அந்த நாட்களின் சம்பளத்தை இழக்கிறார், துரையின் பகையைத் தேடிக்கொள்கிறார். மற்றவர் எதையும் இழக்காமல் பலனைப் பெறுகிறார். சட்டம் இதற்கு ஒரு பதிலை வைத்திருக்கிறது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, ஒரு தொழிற்சங்கத்துடன் கூட்டு ஒப்பந்தம் செய்த தொழில்கொள்வோர், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிராவிட்டால், அந்தச் சங்கத்தில் இல்லாத தொழிலாளருக்கும் அதைவிடக் குறையாத நிபந்தனைகளையே கொடுக்க வேண்டும்.

சட்டப் புத்தகத்தில் இது இரண்டு மூன்று வரிதான். ஆனால் மலையகத்தில் சங்கம் என்ற சொல்லையே உச்சரிக்க முடியாதிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் உள்ளே நுழைந்தவர் கோ. நடேசய்யர். இந்தக் கேள்வியை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால், சந்தா கட்டாதவர் யார், ஏன் கட்டவில்லை என்பது வேறு விதமாகத் தெரிகிறது.

புடவை மூட்டையுடன் வந்தவர்

நடேசய்யர் 1887இல் தமிழ்நாட்டின் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தவர். வணிகக் கல்வி கற்பித்தவர். வர்த்தக மித்திரன் என்ற சஞ்சிகையை நடத்தியவர். 1915இல் வணிகர்களின் நிகழ்வொன்றுக்காகக் கொழும்புக்கு வந்தபோதுதான் தோட்டத் தமிழர்களின் நிலையைப் பற்றி அறிந்தார். நேரில் பார்க்க விரும்பினார். ஆனால் தோட்டம் துரையின் தனிச்சொத்து. வெளியார் அனுமதியின்றிக் காலடி வைத்தால் அத்துமீறல் குற்றம். ஆகவே புடவை வியாபாரியின் வேடத்தில் உள்ளே போனார். துணி விற்பவரை எந்தக் காவற்காரனும் தடுக்கவில்லை.

அவர் லயன்களில் கண்டது ஓர் ஒழுங்கான பொறி. ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்த கங்காணியிடம் ஒவ்வொரு குடும்பமும் கடன்பட்டிருந்தது. அந்தக் கடனை எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் ஆளோடு கூடவே போகும். தன் ஆட்கள் வேலைக்கு இறங்கும் தலைக்கணக்கில் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. வீடு துரையுடையது, அரிசியும் தோட்டத்தினூடாகவே வந்தது. வேலை போனால் அன்றைக்கே கூரையும் போகும்.

தொழிற்சங்கம் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் தொழிற்சாலைத் தொழிலாளியை மனதில் வைத்துக்கொள்கிறோம். அவர் மாலையில் வாயிலைக் கடந்தால் தன் வீட்டுக்குப் போகிறார். தோட்டத் தொழிலாளிக்கு அந்த வாயிலே இல்லை. சங்கத்தில் சேர்வதென்றால் தன் பிள்ளைகள் படுத்துறங்கும் அறையைப் பணயம் வைப்பது என்றே பொருள்.

நடேசய்யர் 1920இல் இலங்கைக்கே குடிவந்தார். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணியின் பிடி அதோடு தளர்ந்துவிடவில்லை.

பத்திரிகை என்ற முதல் சங்கம்

கூட்டம் போட முடியாத இடத்துக்குத் தாள் போய்ச் சேரும் என்பதை அவர் தெரிந்துகொண்டார். 1920களின் தொடக்கத்தில் தேசநேசன், 1924இல் தேசபக்தன், பின்னர் தோட்டத் தொழிலாளி, வீரன், சுதந்திரப் போர் என்று தமிழிலும், சிட்டிசன், போர்வேட் என்று ஆங்கிலத்திலும் பத்திரிகைகளை நடத்தினார். எந்தத் தோட்டத்தில் யார் அடிக்கப்பட்டார், எங்கே சம்பளம் பிடிக்கப்பட்டது என்பன அச்சில் வந்தன. அதுவரை லயனுக்குள்ளேயே முடிந்துபோன விடயங்கள் கொழும்பிலும் இந்தியாவிலும் படிக்கப்பட்டன.

பெரும்பாலான தொழிலாளருக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. தெரிந்த ஒருவர் உரக்க வாசித்தால் மற்றவர்கள் கேட்கலாம். ஒரு பத்திரிகைக்கு ஒருவர்தான் சந்தா கட்டுவார். அதிலுள்ள செய்தி லயன் முழுவதற்கும் உரியது. சங்கச் சந்தா பற்றிய கேள்வியும் ஏறத்தாழ இதே வடிவம் கொண்டதுதான்.

1925இல் இடைத்தேர்தல் ஒன்றின் மூலம் இந்தியர் பிரதிநிதியாகச் சட்டசபைக்குள் நுழைந்தார். அங்கே இருந்தவர்களில் பலர் தோட்ட உரிமையாளர்கள், அல்லது அவர்களுடைய நண்பர்கள். தனியாளாகக் கேள்விகள் கேட்டார். 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நிறைவேறியது. அதன்படி மலைநாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம் நிர்ணயமானது. பெண்ணுக்கு அதிலும் குறைவு. அந்தச் சட்டம் ஒரு வேலைநிறுத்தத்தால் வந்ததல்ல. இந்திய அரசாங்கத்தின் அழுத்தம் அதற்குப் பின்னால் இருந்தது. அதே தோட்டத்தில் பக்கத்து நிரையில் வேலை செய்த சிங்களக் கிராமத் தொழிலாளிக்கு அது பொருந்தவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். உரிமையை ஒரு கூட்டத்துக்கு மட்டும் என்று எழுதினால், வெளியே நிற்பவர் மலிவான கூலியாகிவிடுகிறார்.

கொழும்பில் கற்ற பாடம்

1920களில் கொழும்பின் தொழிலாளர் இயக்கம் என்றால் அது ஏ.ஈ. குணசிங்ஹதான். 1923இன் பொது வேலைநிறுத்தம், 1927இன் துறைமுக வேலைநிறுத்தம், 1929இன் டிராம் வேலைநிறுத்தம் எல்லாம் அவர் தலைமையில் நடந்தன. துறைமுகத்தில் சிங்களவர், தமிழர், மலையாளிகள், முஸ்லிம்கள் ஒன்றாக நின்றார்கள். நடேசய்யர் குணசிங்ஹவுடன் இணைந்து அவருடைய சங்கத்தின் உபதலைவராக இருந்தார். 1929இல் குணசிங்ஹவின் தொழிற்சங்கக் காங்கிரஸும் தொழில்கொள்வோர் சம்மேளனமும் செய்துகொண்ட உடன்படிக்கை இந்நாட்டின் முதலாவது கூட்டு ஒப்பந்தமாகக் கருதப்படுகிறது.

ஆனால் 1920களின் முடிவில் இருவரும் பிரிந்தார்கள். குணசிங்ஹவின் பேச்சு இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பத் தொடங்கியிருந்தது. உலகப் பொருளாதார நெருக்கடி வந்து வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியதும் அது மலையாளிகளுக்கு எதிரான பிரசாரமாகவே மாறியது. நேற்றுவரை வேலைநிறுத்தத்தில் தோள்கொடுத்தவர் இன்று வேலையைப் பறிக்க வந்தவரானார். 1933இல் வெள்ளவத்தை நெசவாலையில் மலையாளிகள் பெருமளவில் இருந்த தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது குணசிங்ஹ அவர்கள் பக்கம் நிற்கவில்லை. இளைஞர் கழகத்தவரே நின்றார்கள். அதன்பின் கொழும்புத் தொழிலாளர் மத்தியில் குணசிங்ஹவின் செல்வாக்கு மெல்ல இடதுசாரிகளிடம் போனது. யார் தொழிலாளி, யாருக்குப் பங்கு என்று வேலி போடத் தொடங்கிய சங்கம் தானும் சுருங்கியது.

ஹட்டனில் ஒரு சம்மேளனம்

1931இல் நடேசய்யர் ஹட்டனை மையமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். மலையகத் தோட்டங்களுக்கென்றே எழுந்த முதல் தொழிற்சங்கம் அது. கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் வந்தார்கள். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் மேடைகளில் பாட்டுப் பாடினார். தானே பாட்டு எழுதினார். பேச்சைவிடப் பாட்டு தோட்டங்களுக்குள் எளிதாகப் போனது.

காலம் மிக மோசமானது. தேயிலை, இறப்பர் விலைகள் வீழ்ந்தன. சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்ட 54 சதம் அடுத்தடுத்து வெட்டப்பட்டது. தோட்டங்கள் மூடப்பட்டன, பல்லாயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சம்மேளனத்தைத் துரைமார் ஏற்கவில்லை. அதில் சேர்ந்தவர்கள் வேலைநீக்கப்பட்டார்கள், கங்காணிமார் காட்டிக்கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் சம்மேளனம் தளர்ந்துபோனது.

கூட்டத்துக்கு வந்த ஆயிரங்களில் அங்கத்துவம் எடுத்தவர்கள் சிலரே. எடுத்தவர்களில் தொடர்ந்து சந்தா கட்டியவர்கள் இன்னும் குறைவு. வெளியில் நின்று பார்ப்பவருக்கு இது நன்றியின்மையாகத் தெரியலாம். ஆனால் ஒரு தாய் சந்தாக் காசையும் பற்றுச்சீட்டையும் எடைபோட்டுப் பார்க்கிறாள். பற்றுச்சீட்டு வந்தால் குடும்பம் வீதியில். சேராதவர் பலர் சுகம் தேடி ஒதுங்கியவர்கள் அல்லர், வேறு வழியற்றவர்கள்.

இருந்தும், சேர்ந்தவரின் கோபமும் பொய்யல்ல. அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

பங்கு யாருக்கு?

சந்தா கட்டுபவர் சொல்லும் வாதம் எளிமையானது. சங்கம் நடத்தக் காசு வேண்டும்: அலுவலகம், பயணம், சட்டத்தரணி, வேலைநிறுத்த நாட்களில் அடுப்பெரிய உதவி. எல்லாரும் பலன் பெறுவார்கள் என்றால் ஏன் நான் மட்டும் கட்ட வேண்டும்? இப்படி ஒவ்வொருவரும் நினைத்தால் சங்கமே இராது. சங்கம் இல்லாவிட்டால் பலனும் இராது.

அப்படியானால் சம்பள உயர்வைச் சங்கத்தவருக்கு மட்டும் கொடுத்தால் என்ன? ஒரே மலையில் இரண்டு சம்பளம் வந்தால் நடக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, துரை மலிவான ஆளையே வேலைக்கு எடுப்பார். சங்கத்தவருக்கு வேலை நாட்கள் குறையும். மற்றது, சங்கத்தை உடைப்பதற்காக அவரே சங்கத்தில் இல்லாதவருக்கு ஐந்து சதம் கூட்டிக் கொடுப்பார். சங்கம் தேவையில்லை என்று காட்டிவிடுவார். இரண்டிலும் அடிபடுவது சங்கமே. ஆகவே எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்பது சேராதவருக்குச் செய்யும் தர்மம் என்பதைவிட, சேர்ந்தவரின் சம்பளத்தைக் காக்கும் வேலி என்பதே பொருத்தம்.

செலவைப் பகிர்வது வேறு விடயம். சில நாடுகளில், ஒப்பந்தத்தால் பலன் பெறும் சங்கத்தில் இல்லாதவரிடமும் பேரம்பேசும் செலவுக்காக ஒரு கட்டணம் அறவிடப்படுகிறது. தென்னாபிரிக்காவின் 1995ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. அமெரிக்காவில் 2018இல் உயர்நீதிமன்றம் அரச ஊழியரிடம் அவர்களின் சம்மதமின்றி இப்படி அறவிட முடியாது என்று தீர்த்தது. விரும்பாத அமைப்புக்குப் பணம் கொடுக்கக் கட்டாயப்படுத்துவது பேச்சுச் சுதந்திரத்துக்கு எதிரானது என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. மலையகத்தில் சங்கங்கள் கட்சிகளோடு பிணைந்திருப்பதால் இந்த ஆட்சேபம் இங்கு இன்னும் பலமாகப் பொருந்தும். சந்தா எந்தத் தேர்தல் மேடைக்குப் போகிறது என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

என் பார்வையில் நியாயமான கோடு இதுதான். சம்பளம், வேலை நேரம், பிரசவ விடுமுறை போன்றவை தொழிலுக்கு உரியவை; எல்லாருக்கும் சேர வேண்டும். ஒருவருடைய தனிப்பட்ட பிணக்கைத் தொழில் நியாயசபைக்குக் கொண்டுபோவது, சட்டத்தரணி வைப்பது, சங்க நிதியிலிருந்து உதவுவது போன்றவை சங்கம் தன் அங்கத்தவருக்குச் செய்யும் சேவை. அவற்றைச் சந்தா கட்டுபவருக்கென்று வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. மீதியை மிரட்டியல்ல, கணக்குக் காட்டித்தான் சங்கம் பெற வேண்டும்.

சட்டமன்றத்துக்கு மீண்டும்

1931இன் முதலாவது அரசாங்க சபைத் தேர்தலில் ஹட்டன் தொகுதி போட்டியின்றிப் பெரி சுந்தரத்துக்குக் கிடைத்தது. அவர் தொழில் அமைச்சரானார். 1936இல் அதே ஹட்டனில் நடேசய்யர் வென்றார். அந்தத் தேர்தலில் மீனாட்சி அம்மாளின் பாடல்கள் தோட்டந்தோட்டமாக ஒலித்தன. சம்மேளனம் தளர்ந்திருந்த நிலையிலும், சந்தா கட்ட முடியாதவர்கள் வாக்குப் போட்டார்கள். வாக்குச் சீட்டைத் துரை பார்க்க முடியாது.

1935இல் தொழிற்சங்கச் சட்டம் வந்து சங்கங்களைப் பதிவுசெய்யும் முறை உருவானது. 1939இல் பிரசவ நன்மைகள் சட்டம் வந்தது. அதே ஆண்டில் நேருவின் வருகையோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாகி, அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கமும் தோட்டங்களுக்குள் வேகமாகப் பரவியது. லங்கா சமசமாஜக் கட்சியினரும் தோட்டங்களில் வேலை செய்தார்கள். நடேசய்யர் தன் சம்மேளனத்தோடு தனியே நின்றார்.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் உயிர்ப்பலியாக அவர் நினைவுகூரப்படுகிறார். அந்த ஆண்டு முழுவதும் வேலைநிறுத்தங்கள் பரவின. அதன்பிறகே துரைமார் சங்கங்கள் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கை ஒன்றுக்கு வந்தன. அது நீண்டகாலம் நிலைக்கவில்லை. ஆனாலும் சங்கத்தோடு பேசவே மாட்டோம் என்ற பழைய நிலைக்குத் துரைமார் முழுமையாகத் திரும்பிப் போக முடியவில்லை.

1941இல் சம்பள நிர்ணய சபைகள் சட்டம் வந்தது. 1927இன் சட்டம் இந்தியத் தொழிலாளருக்கு மட்டும் என்றிருந்தது. புதிய சட்டம் ஒரு தொழிலில் உள்ள எல்லாருக்கும் என்று சொன்னது. இனமும் இல்லை, சங்க அட்டையும் இல்லை. கோவிந்தன் எந்தச் சங்கத்தின் போராட்டத்தில் இறந்தார் என்று கேட்டு யாருக்கும் சம்பளம் கணக்கிடப்படவில்லை.

தோல்வியும் அதன் பின்னரும்

1947 பொதுத்தேர்தலில் நடேசய்யர் தோற்றார். மலையகத் தொகுதிகளில் காற்று இலங்கை இந்தியக் காங்கிரஸின் பக்கம் வீசியது. முப்பதாண்டுகளுக்கு முன் புடவை மூட்டையோடு தனியாக ஏறிய மலையில் இப்போது பெரிய சங்கம் இருந்தது. அது அவருடைய சங்கம் அல்ல. அதே ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி அவர் காலமானார். பல ஆண்டுகள் மறக்கப்பட்டிருந்த அவரைச் சாரல்நாடன் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் அடுத்த தலைமுறைக்கு மீட்டுக்கொடுத்தது.

அவர் மறைந்து ஓராண்டு கழிந்ததும் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். தொடர்ந்து வாக்குரிமையும் போனது. அப்போது யாரும் சங்க அட்டையைக் கேட்கவில்லை. வேலைநிறுத்தத்தில் நின்றவர், நிற்காதவர், கங்காணிக்கு ஆள் காட்டியவர் எல்லாரும் ஒரே நாளில் ஒரே பட்டியலில் இருந்தார்கள். பறிக்கும்போது பிரித்துப் பார்க்காத அதிகாரத்திடமிருந்து பெறும்போது மட்டும் நாம் ஏன் நம்மைப் பிரித்துக்கொள்ள வேண்டும்?

வடக்கில் இருக்கும் எமக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு வன்முறைக்குப் பின்னரும் மலையகக் குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து குடியேறின. 2009வரை போரின் முழுச் சுமையையும் அவர்களும் சுமந்தார்கள். வயல்களிலும் தோட்டங்களிலும் கூலிக்கு நிற்கும் அவர்களில் பலருக்கு இன்றும் சங்கம் என்று ஒன்று இல்லை. அவர்களுடைய கூலி, காணி பற்றிப் பேச யார் இருக்கிறார்கள்?

போருக்குப் பின்னர் எமது மக்களும் வீதியில் இருந்து பழகிவிட்டார்கள். 2017இன் தொடக்கத்தில் கேப்பாப்பிலவின் பிலக்குடியிருப்பு மக்கள் மழையிலும் வெயிலிலும் ஒரு மாதம் முகாமின் முன் இருந்து தமது காணியை மீட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அதே ஆண்டிலிருந்து வீதியோரக் கொட்டகைகளில் இருக்கிறார்கள். இப்படியான ஒவ்வொரு பந்தலிலும் வந்தவர் வராதவரைப் பற்றிக் குறைப்படுவதைக் கேட்கலாம். அந்தக் குறையில் வலி இருக்கிறது. ஆனால் வராதவர்களில் புலனாய்வாளரின் தொலைபேசி அழைப்புக்குப் பயந்தவர் உண்டு, நாட்கூலியை விட முடியாதவர் உண்டு, பந்தலுக்கு வந்தால் மகளின் வேலை போய்விடும் என்று எண்ணியவர் உண்டு. நாளை ஓர் உண்மை வெளிவந்தால் அது அவர்களின் பிள்ளைகளைப் பற்றியதாகவும் இருக்கும்.

நடேசய்யர் விட்டுச்சென்ற சம்மேளனத்தின் அங்கத்துவப் பதிவேட்டைக் கொண்டு அவர் யாருக்காக உழைத்தார் என்று அளக்க முடியாது. பதிவேட்டில் பெயர் எழுதப் பயந்தவர்களுக்காகவே அவர் முதலில் மூட்டையைத் தூக்கினார். ஆனால் அவருடைய சம்மேளனம் தளர்ந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பங்கு எல்லாருக்கும் உண்டு. அந்தப் பங்கைப் பெற்றவர், தனக்குப் பயம் குறைந்த நாளிலாவது, அடுத்த முறை பந்தலில் வந்து அமர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமே.